அஞ்சாவது ரிங்

போடி ஏலக்காய்க் கடை ஆபீசில், ஆள் எடுக்காவிட்டால் தானே போனை எடுத்துப் பேச்சைப் பதிகிற மெஷின் வெறும் கரகர சத்தமாகப் பிடித்து வைத்திருந்தது. முதலாளி வரச்சொன்ன மெக்கானிக் பிரதீப் அதைக் குடைந்துகொண்டிருக்க, கணக்குப்பிள்ளை பிரேம்சிங் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்துக் குரங்கணித் தோட்டத்துக் கங்காணி திருப்பதி உள்ளே வந்தார். தலை மொட்டை.

"வாங்கண்ணே! பழனிக்குப் போய்ட்டு வந்தீகளா?" என்றார் பிரேம்சிங்.

"மொதல்ல சோலிய முடிங்க தம்பி" என்று மூட்டைமேல் உட்கார்ந்தார் திருப்பதி.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றார் பிரதீப். "மூணாவது ரிங்குலயே எடுக்குற மாதிரி வச்சது யாரு?"

சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிற குட்டித் தூக்கம் கெடக்கூடாதென்று வைத்தவரே பிரேம்சிங்தான்.

"வாங்கும்போதே அப்படித்தான்..." என்று முணுமுணுத்தார்.

"சனிக்கிழமை மத்தியானம் மட்டும் ஒரே நம்பர்லருந்து பதிமூணு தடவ வந்திருக்கு. பேச்சு ஒண்ணும் வெளங்கல."

அது குரங்கணித் தோட்டத்து நம்பர். அங்கே சிக்னல் அரைகுறை. பேசினால் கேட்காது என்பதால் ஆபீசில் போனை எடுக்காமல் ரிங்கைத்தான் எண்ணுவார்கள். இரண்டு அடித்து நின்றால் லோடு கிளம்பிவிட்டது. ஐந்து அடித்தால் யாருக்கோ முடியவில்லை, உடனே ஜீப்பை அனுப்ப வேண்டும்.

மூன்றிலேயே மெஷின் எடுத்துவிட்டால் ஐந்து எங்கே அடிப்பது?

பிரேம்சிங் மெல்லத் திரும்பினார்.

திருப்பதி மொட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இது பழனிக்கு எடுத்ததில்ல தம்பி. எங்க அப்பாவுக்கு."