சோடா பாட்டில் பஞ்சு

"சீனியைச் சுத்தினா பஞ்சு மிட்டாய் வருதே மாமா, கண்ணாடியைச் சுத்தினாலும் பஞ்சு வருமா?"

போன வருஷத் தைப்பூசத்தின்போது பழனி அடிவாரத்தில் ஜஹனாரா கேட்ட கேள்வி அது. அவள் அத்தா முத்து முகம்மது அங்கே திருவிழாக் கூட்டத்துக்கு டீக்கடை போட்டிருந்தார். பக்கத்தில் நாச்சிமுத்துவின் சோடாக்கடை. இருவருக்கும் ஊர் கொடைக்கானல் நாயுடுபுரம்.

உடைந்த சோடா பாட்டில்களைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்த நாச்சிமுத்து நிமிர்ந்தார்.

"ஏ புள்ள, நல்லா இருக்கே உன் யோசனை! இது மட்டும் பலிச்சா, வர்றதுல பாதி உனக்கு."

"பாதியா? யோசனை முழுசும் என்னோடது."

"சரி தாயி, முழுசும் உனக்கே. மலை மேல இருக்கிற முருகன் சாட்சி."

டீ ஆற்றிக்கொண்டிருந்த முத்து முகம்மது சிரித்தார். "ஆள் இல்லாதப்ப சத்தியம் பண்ணுங்க அண்ணே. மறக்க வசதியா இருக்கும்."

ஊர் திரும்பியதும் நாச்சிமுத்துவின் சோடாக் கொட்டகையில் கொல்லன் உலை ஒன்று முளைத்தது. சுற்றிலும் ஓட்டை போட்ட இரும்புக் குவளையைச் சைக்கிள் சங்கிலியில் மாட்டி, உருகிய கண்ணாடியை ஊற்றிச் சுழற்றினார். புருவம் கருகியது. கூரை இரண்டு தடவை தீப்பிடித்தது. ஒருநாள், குவளையின் ஓட்டைகளிலிருந்து வெள்ளை இழைகள் பறந்து வந்து சுவரெல்லாம் படிந்தன.

அந்தக் கண்ணாடிப் பஞ்சைப் பாத்திரத்தில் சுற்றி வைத்தால் வெந்நீர்ச் சூடு லேசில் வெளியே போகாது. ஆனால் கை பட்டால் அரிப்பு உயிரை வாங்கும். எந்நேரமும் சொறிந்துகொண்டே திரிந்தவருக்குச் 'சொறி விஞ்ஞானி' என்று ஊர் பட்டம் கொடுத்தது.

இந்த வருஷம் மாசி மாதம் மன்னவனூர் ரோட்டு வேலை தொடங்கியது. காய்ந்து கிடக்கும் காட்டில் அடுப்பு மூட்டக் கூடாதென்று வனக்காவலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டீ நாயுடுபுரத்திலிருந்து லாரியில்தான் போக வேண்டும்.

"பத்து மணிக்கு யார் டீ சூடா இருக்கோ, வேலை முடியிற வரைக்கும் அவருக்குத்தான் ஆர்டர்" என்றார் கண்டிராக்டர் இராமலிங்கம்.

முத்து முகம்மதுவுக்கு வேறு போக்கிடமில்லை. பஸ் ஸ்டாண்டில் புது ஓட்டல் வந்ததிலிருந்து அவர் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு, பழனியில் மைத்துனர் கடையில் பொட்டலம் மடிக்கப் போக வேண்டும். ஜஹனாராவின் படிப்பும் அதோடு சரி.

தன் பஞ்சை நம்பி நாச்சிமுத்துவும் போட்டிக்கு வந்து நின்றதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அன்று வெள்ளனே, வைக்கோல் பரப்பிய லாரியில் குழாய் வைத்த இரண்டு டீக் கேன்கள் ஏறின. கண்ணாடிப் பஞ்சு அடைத்துத் தைத்த தடித்த கோட்டுக்குள் நாச்சிமுத்துவின் கேன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. முத்து முகம்மதுவின் கேனுக்கு ஒரு பழைய சாக்கும் சணல் கயிறும்தான்.

"பாய், உங்க கேனுக்குக் குளிர்காய்ச்சல் வந்திரும் போல இருக்கே!"

"உங்க சொறி எங்க டீக்கு ஒட்டாம இருந்தாச் சரி."

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. லாரி டிரைவர் இன்னும் வரவில்லை.

"தொழுதுட்டு வெரசா வந்திர்றேன். கேனைப் பாத்துக்கங்க அண்ணே."

"போட்டிக்காரன்கிட்டயா காவல் சொல்றீங்க?"

"வேற யாரு இருக்கா?"

"போங்க, போங்க. ஆண்டவன்கிட்ட சூடா ஏதாச்சும் கேளுங்க!"

அவர் திரும்பி வந்தபோது நாச்சிமுத்து ஒன்றும் அறியாதவர் போல உட்கார்ந்து கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். சாக்குக் கயிறு, தான் கட்டியதைவிட இறுக்கமாக இருப்பது போல முத்து முகம்மதுவுக்குப் பட்டது.

"கயித்தைத் தொட்டீங்களா?"

"குளிருச்சு. உங்க கேனைக் கட்டிப் பிடிச்சு உக்காந்திருந்தேன். அது ஒரு குத்தமா?"

வழி நெடுகிலும் முத்து முகம்மதுவுக்கு மனசு நிலைகொள்ளவில்லை. உப்பைக் கிப்பைப் போட்டிருப்பாரோ? பச்சைத் தண்ணீரை ஊற்றியிருப்பாரோ? 'யா அல்லாஹ், ஒரு மனுஷனைத் தப்பா நினைக்க விடாதே' என்று வேண்டிக்கொண்டார். ஆனாலும் கண் கயிற்றையே பார்த்தது.

பத்து மணி. இராமலிங்கம் முதலில் நாச்சிமுத்துவின் கேனில் ஒரு டம்ளர் பிடித்தார். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னய்யா இது, டீயா, ஏரித் தண்ணியா?"

வேலையாட்கள் கொல்லென்று சிரித்தார்கள். "விஞ்ஞானி, கோட்டைக் கழட்டி நீங்க போட்டுக்கங்க!"

கோட்டின் தையலில் நீட்டிக்கொண்டிருந்த வைக்கோல் ஒன்றை விரலால் உள்ளே தள்ளிவிட்டு, நாச்சிமுத்துவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

அடுத்த குழாயைத் திறந்ததும் ஆவி பறந்தது. இராமலிங்கம் நாக்கை இழுத்துக்கொண்டார்.

"ஸ்ஸ்... சுட்டுருச்சுய்யா! பாய், நாளையிலிருந்து உங்க டீதான்."

உப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. முத்து முகம்மதுவுக்கு வெட்கமாக இருந்தது. "ஒரு வருஷம் பாடுபட்டீங்களே அண்ணே..."

"கெடக்கு விடுங்க பாய். சோடாவைச் சூடா எவன் கேக்கப் போறான்? எனக்கெதுக்கு இந்தச் சோலி?"

சாயங்காலம், கடைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து கேனைக் கழுவச் சாக்கை அவிழ்த்தார் முத்து முகம்மது. விரல் அரித்தது. உள்ளங்கை அரித்தது. முழங்கை வரைக்கும் அரித்தது.

சாக்குக்கும் கேனுக்கும் நடுவே, பஞ்சு மிட்டாய் போல வெள்ளை வெளேரென்று மின்னிக்கொண்டிருந்தது, பாதி இல்லை, முழுசும்.