எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்

"திருடன் வெளியில இல்ல. உன் தம்பிதான்!"

காலையில் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்த முதலாளி, வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார். முதலாளி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இருப்பது ஒரே ஒரு சின்ன லாரி. ஓட்டுவது மனைவியின் தம்பி. ஆக, அவரை முதலாளி என்று சொல்வது அவர் ஒருவர்தான்.

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னங்க ஆச்சு?"

"முன்னாடி பார். பம்பருக்கு முன்னால மாட்டின இரும்பு கார்டு எங்கே? முதல்ல மேல இருந்த கேரியர் போச்சு. கேட்டா, 'ஆடுது அத்தான், கழட்டி வச்சிருக்கேன்'னான். அப்புறம் ஸ்பீக்கர் பெட்டி. இன்னிக்கு கார்டு. நாளைக்கு எழுந்து வந்தா ஸ்டீயரிங் மட்டும்தான் மிச்சம் இருக்கும்!"

"பழுது பார்க்கக் கொடுத்திருப்பான்."

"புது கார்டுல என்ன பழுது? எவனுக்கோ தள்ளிட்டான்!"

ஒவ்வொன்றும் அவர் ஆசை ஆசையாய் மாட்டியது. வண்டி வாங்கும்போதே ஷோரூம்காரர், "லோடு வண்டிக்கு இதெல்லாம் எதுக்கு சார்? சாதா மாடலே போதும்" என்றுதான் சொன்னார். "மொட்டை வண்டியா? எனக்கா?" என்று நெஞ்சை நிமிர்த்தினார் முதலாளி. நெஞ்சுக்கு முன்னால் வயிறு நிமிர்ந்தது என்பது வேறு விஷயம்.

அதைவிட வெட்கக்கேடு, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மச்சினன் கைவரிசையைக் காட்டியிருக்கிறான். தினமும் அவனோடு வண்டியில் போய் வருகிறாரே! கேட்டால் மேற்பார்வை என்பார். என்ன மேற்பார்வை? ஏறியதும் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசுவார். மச்சினன் 'உம்' கொட்டுவான். பாதி வழியில் குறட்டை விட ஆரம்பிப்பார். பிறகு வீட்டு வாசலில் எழுப்பினால்தான் உண்டு.

வண்டி வாங்கிய பிறகும் சில மாதம் ஆள் வராத கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டி, கடைசியில் ஈயும் வராமல் போய்க் கடையை மூடியவர் அவர். வீட்டில் சும்மா இருந்தபோது பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. அந்த முன்சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தானும் ஒரு மனுஷன் என்று தோன்றியது. இதை வெளியே சொல்ல முடியுமா? அதனால்தான் மேற்பார்வை.

"கடையிலயும் கோட்டை விட்டேன், வண்டியிலயும் கோட்டை விட்டுட்டு நிக்கறேன். எனக்குப் பேரு முதலாளி!"

"அவன் அப்படிப்பட்டவன் இல்லைங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பேசுங்க."

"கேக்கத்தான் போறேன். கேட்டுட்டு, இன்னியோட வேலையை விட்டு அனுப்பப் போறேன். அப்புறம் தம்பி, தொம்பின்னு என்கிட்ட வந்து அழக்கூடாது."

மனைவி முகம் வாடிப்போனது. அந்த நேரம் பார்த்து மச்சினன் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்து சேர்ந்தான்.

"வாங்க சார், வாங்க. எல்லாத்தையும் எங்க வித்தீங்க?"

"விக்கலை அத்தான்."

"பின்னே, காக்கா தூக்கிட்டுப் போச்சா?"

அவன் மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன அறையைத் திறந்தான். கார்டு, கேரியர், ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் துடைத்து, சாக்கு சுற்றி, பத்திரமாக இருந்தன. முதலாளி இதுவரை அங்கே எட்டிப் பார்த்ததில்லை. அதற்குக் குனிய வேண்டும். அவர் குனிந்து பல வருஷம் ஆகிறது.

"இதையெல்லாம் ஏன்டா கழட்டினே?"

"டைல்ஸ் கம்பெனி கேட்ல எடை கூடுதுன்னு நிறுத்திட்டாங்க அத்தான். வண்டியும் அதுல இருக்கறதும் எல்லாம் சேர்ந்து இவ்வளவுதான்னு ஒரு எடை இருக்குல்ல? நாம எத்தனை ஃபிட்டிங் மாட்டினாலும் அந்த அளவு கூடாது. மாட்டின கனம் எல்லாம் ஏத்தற லோடுலதான் கழியும்."

முதலாளிக்குச் சுருக்கென்றது. டைல்ஸ் ஏற்ற வேண்டிய வண்டியில் தன் ஜம்பத்தை ஏற்றி வைத்திருக்கிறார். ஆனாலும் தோற்றுப்போக மனசில்லை.

"அப்போ நாலு பெட்டி குறைச்சு ஏத்தறது!"

"முழு லோடு எடுக்கலைன்னா வேற வண்டியைக் கூப்பிட்டுக்குவோம்னு சொல்லிட்டாங்க. நமக்கு இருக்கறதே அந்த ஒரு கம்பெனிதான்."

"சரி. எல்லாம் சரி. ஆனா ஒண்ணு இடிக்குதே!" முதலாளி விரலைத் தூக்கினார். பொய்யின் வாலைப் பிடித்துவிட்ட உற்சாகம் குரலில் தெரிந்தது. "வண்டி வாங்கின புதுசுல இதே கார்டு, இதே கேரியர், இதே லோடு. அப்போ எவனும் நிறுத்தலை. இப்ப மட்டும் எப்படி எடை கூடுது? புதுசா எதை ஏத்தினே?"

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அக்கா சட்டென்று வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"முழிக்காதே. சொல்லுடா!"

"அன்னிக்கு கேட்ல எடை போட்டவரு, 'லோடை இறக்கு, இல்லேன்னா பக்கத்துல தூங்கற ஆளை இறக்கு'ன்னாரு." மச்சினன் தலையைச் சொறிந்தான். "இதையெல்லாம் கழட்டிட்டேன் அத்தான். உங்களைக் கழட்டிவிட மனசு வரலை."