விட்டுப்போன ஊசிகள்

மதி ஊன்றுகோலுடன் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தாள். நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நோய் வந்து நான்கு வருடமாகிறது.

"இன்னாவாம்?" வாசலில் காத்திருந்த கணவன் பகலவன் எழுந்தான்.

"ஊசி இனிமே வேலை செய்யாதாம்."

"எப்டி செய்யாது? ஒருநாள் வுட்டு ஒருநாள் போட்டுக்கினுதானே கீற?"

மதி தரையைப் பார்த்தாள். "நடுவுல நெறைய வுட்டுட்டேன். எரிச்சல் தாங்கல, தூக்கிப் போட்டுட்டேன்."

"அடிப்பாவி! கரண்ட் போற வூட்ல ஃப்ரிட்ஜை நம்பாம, காசிமேட்டு ஐஸ் கம்பெனிலேர்ந்து தெனம் தோள்ல சொமந்து கொண்டாந்தேனே! வஞ்சிர மீனாட்டம் ஊசிய ஐஸுக்குள்ள பொதச்சு வச்சேனே! யாருக்கோசரம்?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தப்புதான்யா."

உள்ளே டாக்டர் சொன்னது வேறு.

"நீங்க ஒரு ஊசிகூட விடலை, சரி. ஆனா இந்த மருந்து குளிர்ச்சியா இருக்கணுமே தவிர உறையக் கூடாதும்மா. ஐஸ்ல உறைஞ்சு கெட்டதை உடம்பு எதிரின்னு நெனச்சிருக்கும். இப்ப நல்ல ஊசி போட்டாலும் ரத்தமே அதை அழிச்சிடுது. வேற மருந்து இங்கே இல்லை. யாரும்மா ஐஸ்ல வச்சது?"

"நான்தான் சார்."

வெளியே, கத்தி ஓய்ந்த பகலவன் குனிந்து, அவளுடைய மரத்துப்போன காலில் செருப்பை மாட்டிவிட்டான்.

"சரி வுடு. வேற ஊசி குடுப்பாங்கல்ல? இந்தவாட்டி நானே போட்டுவுடறேன். ஐஸும் டபுளா கொண்டாறேன்."

"ஐஸ் வேணாம்யா" என்றாள் மதி.