ஐந்தாவது சீட்டும் ஒரு காளையும்

நான்காவது சீட்டு மேசையில் விழுந்தபோது வர்ஜில் மாட்டு விலா எலும்பை உறிஞ்சி முடித்து, விரலைச் சட்டையில்கூடத் துடைக்காமல் நேராகத் தன் சீட்டுகளைத் தொட்டார். சீட்டின் மேல் கொழுப்பு பளபளத்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஓரினுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

இருபது வருஷமாக ஓரின் இதைச் சகித்துக்கொண்டிருக்கிறார். மேற்கு டெக்சஸின் அந்த மூலையில், சனிக்கிழமை மதியம் தீவனக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து ஆட வேறு ஆள் கிடையாது. வர்ஜில் புகையிலையைக் கீழுதட்டுக்குள் அதக்கிக்கொண்டு காப்பிக் கோப்பையில் துப்புவார். பாதி கோப்பைக்குப் போகும், பாதி தாடிக்கு. ஈக்கள் அவரைச் சொந்த வீடாகவே பாவித்தன. அவரும் விரட்டியதில்லை.

சீட்டுப் போட்டவர் லூயெல்லா, அந்த வட்டாரத்தின் மாட்டு டாக்டர். காலை முழுக்கப் பசுக்களுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வந்த கை. இருந்தாலும் மேசையிலேயே சுத்தமான கை அதுதான் என்பது ஓரினின் அபிப்பிராயம்.

ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், இருவருக்கும் பொதுவாக ஐந்து மேசையில். ஓரினிடம் இருந்தவை ஆர்ட்டின் ஆஸும் ஆர்ட்டின் ஒன்பதும். மேசையில் ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் ஏழு, ஸ்பேடு நாலு. நான்காவதாக ஆர்ட்டின் ரெண்டு விழுந்ததும் ஐந்து ஆர்ட்டின் சேர்ந்துவிட்டது. அந்த நிமிஷத்தில் அதை அடிக்க உலகத்தில் சீட்டே கிடையாது.

அப்படிப்பட்ட நேரத்தில் பெரிதாகக் கட்டுகிறவன் மடையன். எதிராளி சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போய்விடுவான். ஓரின் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொஞ்சமாகக் கட்டினார். சுளிப்பதற்கு நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. வர்ஜிலும் கட்டினார். பீன்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று மார்பைத் தேய்த்துக்கொண்டு ஓர் ஏப்பம் விட்டார். அதன் வாடை மேசையைத் தாண்டி வந்து ஓரினை விசாரித்தது.

ஐந்தாவது சீட்டு கிளாவர் ஏழு.

ஓரின் தன் சீட்டுகளின் ஓரத்தை இன்னொரு தரம் தூக்கிப் பார்த்தார். மேசையில் இப்போது ஏழில் ஒரு ஜோடி. வர்ஜில் கையில் ராஜா ஜோடி இருந்துவிட்டால், மூன்று ராஜாவும் இரண்டு ஏழுமாகச் சேர்ந்து ஐந்து ஆர்ட்டினையும் நசுக்கிவிடும்.

ஓரின் மேசையைத் தட்டினார். நான் கட்டவில்லை, முடிந்தால் நீ கட்டு என்று அர்த்தம். வர்ஜில் தன் முன்னால் இருந்த பந்தய வில்லைகள் அத்தனையையும் இரண்டு கையாலும் தள்ளினார். தன் குளத்தோரத்து மேய்ச்சல் நிலத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அதற்கு ஈடாக வைக்க ஓரினிடம் இருந்தது செனட்டர் மட்டும்தான்.

செனட்டர் அவருடைய காளை. முப்பத்தெட்டுப் பசுக்களும் அவர் மனைவி நெட்டியும் நம்பியிருந்த ஒரே ஆண்பிள்ளை. செனட்டரைத் தோற்றுவிட்டு வீட்டுப் பக்கம் வரவே வேண்டாம் என்று நெட்டி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். சொன்னால் செய்கிற ரகம் அவள்.

ஓரின் பத்து நிமிஷம் யோசித்தார். லூயெல்லா ஜன்னல் வழியே தன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் சீட்டு விழுந்த பிறகு சீட்டைப் படித்துப் பிரயோசனமில்லை, ஆளைத்தான் படிக்க வேண்டும். நல்ல சீட்டு வைத்திருப்பவன் தாராளமாக மூச்சு விடுவான், சாய்ந்து நெளிவான், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்பான். பொய்க்குக் கட்டினவன் மூச்சை அடக்கிக்கொண்டு கல்லாய்ச் சமைந்திருப்பான்.

வர்ஜில் கல்லாய்ச் சமைந்திருந்தார். தொப்பியைக் கண்வரை இறக்கியிருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்றுகூட ஏறி இறங்கவில்லை. புகையிலைச் சாறு வாயோரம் வழிந்து தாடியில் தேங்கி நின்றது. ஓர் ஈ கீழுதட்டின் மேல் நடந்து போய் வாய்க்குள் எட்டிப் பார்த்தது. ஒரு பொய்யைக் காப்பாற்ற மனுஷன் இவ்வளவு தூரம் இறங்குவானா என்று ஓரினுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"பாக்குறேன்யா," என்றார். "செனட்டரை வெச்சே பாக்குறேன்." தன் இரண்டு சீட்டையும் திருப்பிப் போட்டார்.

வர்ஜில் தன் சீட்டைத் திருப்பவில்லை. கேட்ட பிறகு சீட்டைக் காட்டாமல் எதிராளியை நெளியவிடுவதைப் போல ஈனக் காரியம் சீட்டாட்டத்தில் வேறில்லை. அதற்காக ஆட்களைத் தெருவில் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். இருபது வருஷமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் ஓரின் கொட்டித் தீர்த்தார். தாடியைச் சொன்னார், கோப்பையைச் சொன்னார், எலும்பு உறிஞ்சும் சத்தத்தைச் சொன்னார், வளர்த்தவர்களையும் ஒருவர் விடாமல் சொன்னார். வர்ஜில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"யோவ், காட்ட வெக்கமா இருக்காக்கும். மூச்சை அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு உன் வண்டவாளம்."

லூயெல்லா சீட்டுக்கட்டைக் கீழே வைத்தார். எழுந்து போய், அந்தத் தாடிக்குள் இரண்டு விரலை விட்டுக் கழுத்தைத் தொட்டபடி கொஞ்ச நேரம் நின்றார். ஓரினுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பிப் பார்த்தபோது, வர்ஜிலின் கைக்கடியில் இருந்த சீட்டுகளை டாக்டர் உருவி நிமிர்த்தி வைத்திருந்தார். இரண்டும் ராஜா.

"அவரு மூச்சை அடக்கல ஓரின், மொத்தமா விட்டுட்டாரு."