எஞ்சின் நின்ற பிறகு

டிரைவர் எஞ்சினை அணைத்ததும் அம்சத்தின் வயிற்றில் அசைவு தொடங்கியது.

பிள்ளை அசையவில்லை. பிள்ளையே இல்லை. பழைய சேலையில் பை தைத்து, அரிசி நிரப்பி, இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். அசைந்தவை அதிலிருந்த வண்டுகள்.

ஜில்லா எல்லை செக்போஸ்ட். தஞ்சாவூர் அரிசி இந்த மூங்கில் தடுப்பைத் தாண்டக் கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. பிடிபட்டால் அரிசியும் போகும், ஆளும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். காலையிலிருந்து பிடித்த மூட்டைகள் சுவரோரம் கிடந்தன. ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று எலெக்‌ஷனுக்கு எழுதியது அந்தச் சுவரில் வெளுத்துப்போய்ப் பாதி தெரிந்தது.

உச்சி வெயில். பஸ்ஸின் தகரக் கூரை கொதித்தது.

குடவாசலிலிருந்து இவ்வளவு தூரம் ஒரு வண்டுகூட அசையவில்லையே, இப்போது மட்டும் எப்படி? அந்த நேரத்திலும் அம்சத்துக்கு அதுதான் யோசனை. பயம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

முறத்தில் அரிசியைக் கொட்டி வெயிலில் வைத்தால் வண்டு நிழல் தேடி ஓடும். முறத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டினால் அத்தனையும் காலை மடக்கிக்கொண்டு செத்த மாதிரி கிடக்கும். அதிர்வு அடங்கிக் கொஞ்சம் பொறுத்தால், நீட்டிய மூக்கில் இருக்கிற இரண்டு மயிரை மெல்ல விரித்துக் காற்றைத் தடவிப் பார்க்கும். எள்ளளவு உடம்பு. அதற்கு அந்த மயிர்தான் கை, அந்த மயிர்தான் மோப்பம்.

பஸ் குலுங்கிய வரைக்கும் செத்துக் கிடந்திருக்கின்றன. குலுக்கல் நின்றது, உடம்புச் சூடு உறைத்தது, கிளம்பிவிட்டன. அதெல்லாம் சரி. கட்டிய துணிக்குள், கும்மிருட்டில், போகிற வழி மேலே இருக்கிறது என்று எதை வைத்துக் கண்டுபிடிக்கின்றன?

ஒன்று தொப்புளைத் தாண்டியது. இரண்டு ரவிக்கைக்குள் நுழைந்தன.

பக்கத்து வீட்டுக் காளியம்மாள் மாமியார் வேஷத்தில் கூட உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் திருப்பாமலே பல்லைக் கடித்தாள். "ஏன்டி நெளியிற?"

"ஏறுதுக்கா."

"அத்தைன்னு கூப்புடுடி, எடுபட்டவளே."

பொம்பளைகளைச் சோதிக்க அமர்த்தியிருந்த ரெங்கம்மாள் பஸ்ஸில் ஏறினாள். முன் சீட்டுக்காரியின் கூடைக்குள் கையை விட்டுக் கிளறினாள்.

அம்சம் இருமினாள். உடம்பு குலுங்க இருமினாள். வண்டுகள் நின்றன. இருமலை நிறுத்தினாள். நடந்தன. மறுபடியும் இருமினாள்.

ரெங்கம்மாள் எதிரே வந்து நின்றாள். "என்ன, டிபியா?"

"மசக்கைங்க" என்றாள் காளியம்மாள்.

"எத்தினி மாசம்?"

"எட்டு."

"எட்டு மாசத்துல மசக்கையா?"

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள்.

அம்சத்துக்குத் தொண்டை வறண்டு இருமல் வரவில்லை. ரவிக்கை விளிம்பைத் தாண்டி ஒரு வண்டு வெளியே வந்தது. தாலிக்கயிற்றின் மேல் ஏறி, கழுத்தெலும்பில் நின்று, இரண்டு மயிரையும் விரித்தது.

ரெங்கம்மாள் பார்த்தாள். அவள் பார்த்ததை அம்சம் பார்த்தாள்.

ரெங்கம்மாள் உள்ளங்கையைக் கீழே ஏந்திக்கொண்டு விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். வண்டு கையில் விழுந்து காலை மடக்கிக்கொண்டது. அவள் கையை மூடவில்லை. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

கீழேயிருந்து ஆபீசர் குரல் கொடுத்தார். "ஆச்சாம்மா?"

வண்டு ஒரு மயிரை விரித்தது. பிறகு இன்னொன்றை.

"விக்கிறவ வண்டரிசியா கொண்டு போவா?" ரெங்கம்மாள் அவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள். "ஊரெல்லாம் புது நெல்லு அறுக்கிற நேரத்துல இத எவ வாங்குவா?"



ரெங்கம்மாள் உள்ளங்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஊதினாள்.

"புள்ளைக்கு வெயில் ஆவல. அந்தப் பக்கமா நெழல்ல மாறி உக்காரு." குரலை உயர்த்தினாள். "ஒண்ணுமில்ல சார், போவலாம்."

எஞ்சின் உறுமியது. தடுப்பு மூங்கில் மேலே போனது.

அந்த அரிசி விற்பனைக்கு இல்லைதான். நடவு முடிந்த நாளிலிருந்து, உலை வைக்கும்போதெல்லாம் அம்சத்தின் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு பிடி அள்ளிக் கூலியாட்கள் சங்கத்துப் பானையில் போட்டது. புழுங்கல், பச்சை, நொய், சிவப்பு, எல்லாம் கலந்து கிடந்து வண்டு வைத்தது. கூலியை ஏற்றாமல் அறுப்பில் இறங்க மாட்டோம் என்று தெரு சொல்லியிருந்தது. வெளி ஜில்லாவிலிருந்து ஆள் ஏற்றிவந்து அறுத்துக்கொள்கிறேன் என்று மிராசுதார் சொல்லியிருந்தார். அவர் ஆள் எடுக்கப்போவது மழை பொய்த்த ஊர். அரை வயிற்றுக் கஞ்சிக்கு எந்த வயலிலும் இறங்குவார்கள்.

அம்சமும் காளியம்மாளும் போவது அந்த ஊருக்கு. நேற்றும் முந்தாநாளும் தெருப் பெண்கள் வேறு வேறு பஸ்ஸில் அங்கே போயிருந்தார்கள். அவர்களுக்கும் எட்டு மாதம்தான்.

நாளை விடிந்தால் மிராசுதாரின் லாரி அங்கே ஆள் ஏற்ற வந்து நிற்கும். பசித்த வயிறு ஏறிவிடும். அதற்கு முன்னால் அந்த ஊரில் அடுப்பு எரிய வேண்டும்.