நாலும் காலி

முகாம் முடிந்து திரும்பும் பாதையின் குறுக்கே தைல மரம் விழுந்து கிடந்தது. தொடைப் பருமன். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம்.

டுவெய்ன் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தான். ஒன்பது வருடமாக அவனோடு குடும்பம் நடத்துகிறேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னாலேயே யார் தலையிலாவது பழி வந்து விழும் என்று எனக்குத் தெரியும்.

கயிறு கட்டி வண்டியால் இழுத்துப் பார்த்தான். கயிறுதான் அறுந்தது.

சரி, பேட்டரி ரம்பம் இருக்கிறதே என்று பின்பக்கம் போனான். அவன் கூரை போடும் தச்சன். வேலைக்கு வாங்கிய மஞ்சள் பேட்டரிகளில்தான் எங்கள் முகாமும் ஓடும். கூடார விளக்கு, விசிறி, ரேடியோ, எல்லாவற்றுக்கும் அவற்றையே மாற்றி மாற்றி மாட்டுவான். முகாமில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் அந்தப் பெருமையை அளந்துவிட்டுத்தான் பீர் புட்டியைத் திறப்பான்.

ரம்பம் உறுமவில்லை.

விளக்கிலிருந்த பேட்டரியைக் கழற்றி மாட்டினான். அதுவும் செத்திருந்தது. விசிறியிலிருந்தது, ரேடியோவிலிருந்தது, எதிலும் சார்ஜ் காட்டும் பச்சைப் புள்ளி ஒன்றுகூட எரியவில்லை.

விளக்கு, விசிறி எதை அணைத்தாலும் அதைப் பேட்டரியோடு இணைக்கிற அந்த மலிவு அடாப்டர் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கழற்றி வை என்று போன முறையே சொன்னேன். பொம்பளைக்கு என்ன தெரியும் என்றான். முதல் இரண்டு வருடம் அவனோடு கூரையேறி மரம் அறுத்தவள் நான். அதை அவன் மறந்து வெகுநாள் ஆகிறது.

"நாலும் காலி! கல்யாண வீடு மாதிரி விளக்கைப் போட்டுட்டு உக்காந்திருந்தல்ல, இப்ப வாயால ஊதி மரத்தை நகத்து. அஞ்சாவதை வேற சைட்டுலயே விட்டுத் தொலைச்சிருக்கேன்."

அவன் திட்டு என் காதில் ஏறவில்லை. மணிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை ஏழு மணிக்கு, அவன் யார் வீட்டுக் கூரையிலோ ஏறியிருக்கும்போது, என் அக்கா கோரா எங்கள் வீட்டுப் பின் சந்தில் காரோடு நிற்பாள். செவ்வாய்க்கிழமை அவள் குடும்பத்தோடு மேற்கே போகிறாள், நாட்டின் அந்தக் கோடிக்கு. என்னையும் கூட்டிக்கொண்டு. இன்றிரவு வீடு திரும்பாவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

டுவெய்ன் தொப்பியை மாட்டினான். தார்ச்சாலைக்குப் பதினான்கு கிலோமீட்டர். அங்கே போனால்தான் சிக்னல். அவன் போனை எடுத்துக்கொண்டான். என் போனையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். காட்டில் எனக்கு எதற்குப் போன் என்பது அவன் வழக்கமான கேள்வி.

வண்டிச் சாவியை மட்டும் எப்போதும்போல முன் சக்கரத்தின் மேல் வைத்தான்.

நான் சாவியைப் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான். மறுபடியும் அதே சிரிப்பு.

"இருக்கட்டும் லின். மரம் கிடக்குது. நீ எங்க போகப்போற?"

மரத்தைத் தாண்டிக் குதித்து நடந்தான். வளைவில் அவன் தொப்பி மறையும்வரை கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். அதன்பிறகும் இருநூறு எண்ணினேன்.

பிறகு என் பையைத் திறந்து நாப்கின் பொட்டலத்தை எடுத்தேன். டுவெய்ன் செத்தாலும் கை வைக்காத இடம் அது.

உள்ளே ஐந்தாவது பேட்டரி இருந்தது. பொத்தானை அழுத்தினேன். நான்கு பச்சைப் புள்ளிகளும் எரிந்தன.

மூன்று வருடமாக ஒவ்வொரு முகாமுக்கும் முழு சார்ஜில் ஒன்றை இப்படித்தான் கொண்டுவருகிறேன். என்றாவது ஓரிரவு நடந்தே வெளியேற வேண்டி வந்தால் டார்ச்சுக்கு ஆகுமே என்று. நடக்கத்தான் ஒருமுறையும் துணிச்சல் வரவில்லை.

ரம்பம் உறுமியது. இரண்டே வெட்டு. நடுத்துண்டை உதைத்துப் பள்ளத்தில் தள்ளினேன். மணிக்கட்டு வலித்தது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது கிலோமீட்டரில் அவன் முதுகு தெரிந்தது.

வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பினான். முகமெல்லாம் பல். மரம் எப்படிப் போயிற்று என்று யோசிக்கக்கூட இல்லை. அவனைத் தேடித்தான் வருகிறேன் என்று முடிவே கட்டிவிட்டான். கையை உயர்த்திக் காட்டிவிட்டு, பாதையின் இடப்பக்கமாக ஒதுங்கி நின்றான்.

ஒன்பது வருடமாக நான் ஏறுகிற பக்கம் அது.

அந்தக் கதவைப் பூட்டினேன். வேகத்தைக் குறைக்கவில்லை.