குருவியா, டவரா?

"மாப்பிள்ளை பேரு ரெண்டையும் சொல்லுங்க தாயி" என்றார் பூசாரி சங்கையா. அவர் கையில் ஒரு வெள்ளை அரளி, ஒரு சிவப்பு அரளி, இரண்டு துண்டு வாழையிலை.

"ஒண்ணு பிளான்குருவி. இன்னொண்ணு டாஸ்க்டவர்" என்றாள் பிரீத்திகா.

பூசாரி நிமிர்ந்து பார்த்தார். "மாப்பிள்ளைக வெளிநாடா?"

"சாப்ட்வேருங்க!" என்று பல்லைக் கடித்தான் அவள் அண்ணன் மகேஷ்குமார்.

சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் அவர்களுடைய அப்பா ராஜபாண்டியன், ஏழாயிரம்பண்ணையில் புதிதாக ஒரு யூனிட் கட்டுகிறார். ஐம்பத்திரண்டு அறைகள், அறைக்கு அறை சட்டப்படி இடைவெளி, இடிதாங்கி, லைசென்ஸ், ரோடு, தண்ணீர்த் தொட்டி. ஒன்று முடியாமல் இன்னொன்றைத் தொட முடியாது. ஆனால் ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டே ஆக வேண்டும்.

இத்தனை வேலையையும் திட்டமிட எந்த சாப்ட்வேர் வாங்குவது என்று வீட்டில் மூன்று மாதமாக ரணகளம். பிரீத்திகா பதினோரு சாப்ட்வேர்களைச் சலித்து, ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு, பிளான்குருவியைப் பிடித்திருந்தாள். ஒரு வேலை தள்ளிப்போனால், அதை நம்பியிருக்கும் மற்ற வேலைகளின் தேதியை அதுவே மாற்றிவிடும். மகேஷ்குமார் ஒரே ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, டாஸ்க்டவர்தான் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

"குருவிங்கிறது வெடி பேருல்ல?" என்று இழுத்துக்கொண்டே இருந்த அப்பா, கடைசியில் கையை விரித்துவிட்டார்.

"அம்மன் முன்னால பூக்கட்டிப் பாப்போம். எது வருதோ, அதைக் கொண்டாந்தவகதான் புது யூனிட்டுக்குப் பொறுப்பு. மத்தவுக பழைய ஆபீஸ்ல ஒக்காந்து பில் போடணும்."

மூன்று வருஷமாகப் பழைய ஆபீஸில் பில் போட்டுக்கொண்டிருப்பது பிரீத்திகாதான். இன்னும் ஒரு சீசன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

"வெள்ளை குருவிக்கு, செவப்பு டவருக்கு" என்றார் அப்பா. பூசாரி பூக்களை இலையில் மடித்து, நாரால் கட்டி, இரண்டு பொட்டலங்களையும் சன்னதி முன்னால் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, சூடம் எடுக்க உள்ளே போனார். அப்பா கண்ணை மூடினார். அவர் சாமி முன்னால் கண்ணை மூடினால் லேசில் திறக்க மாட்டார். அண்ணன் வெளியே போனில் யாரையோ வைதுகொண்டிருந்தான்.

பிரீத்திகாவின் கைப்பைக்குள் இரண்டு பொட்டலங்கள் தயாராக இருந்தன. இரண்டிலும் வெள்ளை அரளி.

'தாயே, மன்னிச்சுக்கோ. ஒனக்கு வேலையைக் கொறைக்கிறேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, சட்டென்று பொட்டலங்களை மாற்றி வைத்தாள். பதற்றம் தெரியாமல் இருக்கப் பிரகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள்.

திரும்பி வந்தபோது, அண்ணன் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் கைகட்டிப் பவ்யமாக நின்றான். கோயிலில் அவனை அப்படி ஒரு பக்தியோடு அவள் பார்த்ததே இல்லை.

பூசாரி சூடத்தோடு வந்தார். பொட்டலத்தை எடுக்க, சாமி கும்பிட வந்த ஒரு சின்னப் பாப்பாவைக் கூப்பிட்டார். அப்போதுதான் அப்பா கண்ணைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் பூசாரி. அம்மனுக்கு உகந்தது செவப்பு. பொம்பளப் பிள்ளை ஆசையாக் கொண்டாந்ததுக்கு அது இருக்கட்டும். செவப்பு குருவிக்கு, வெள்ளை டவருக்கு. மாத்திக்கிடுவோம்."

"மாத்தக் கூடாதுப்பா!" என்று அண்ணனும் தங்கையும் ஒரே குரலில் அலறினார்கள்.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "மூணு மாசத்துல இப்பத்தான் ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசுறீக!"

"மொதலாளி அம்மன் முன்னால சொல்லிட்டாக. சொன்னது சொன்னதுதான்" என்று முடித்துவிட்டார் பூசாரி.

பிரீத்திகா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை. இனி எதை எடுத்தாலும் டவர். தன் கையாலேயே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயிற்று, வாயைத் திறந்து சொல்லவும் வழியில்லை.

பாப்பா யோசித்து யோசித்து இடது பக்கப் பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி நாரை அவிழ்த்து இலையைப் பிரித்தார்.

செக்கச்செவேலென்று சிவப்பு அரளி!

"குருவி வந்துருச்சு!" என்று அப்பா கைதட்டினார்.

பிரீத்திகாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டு, அப்படியே தரையில் விழுந்தாள்.

"அப்பா, நான் திருட்டுத்தனம் பண்ணிட்டேன்ப்பா! ரெண்டுலயும் வெள்ளையைத்தான் வச்சேன். ஆத்தா பூவோட நெறத்தையே மாத்திட்டா!"

பூசாரி பாய்ந்து போய் மணியை அடித்தார். சுற்றி நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். அப்பா கண்ணீர் வழிய, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். எங்கிருந்தோ ஒருவர் ஓடிவந்து அந்தப் பூவைப் போட்டோ எடுத்தார்.

மகேஷ்குமார் மட்டும் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். குலவைச் சத்தம் மூன்றாம் தடவை கிளம்பியபோது, அவனால் தாங்க முடியவில்லை.

"நிறுத்துங்க! ரெண்டுலயும் செவப்பை வச்சது நாந்தான்!"